வாசகர் கேள்வி – பதில்: சுருட்டை முடி, இரண்டு குளியலுக்கு நடுவே

சென்ற இதழில் சுருட்டை முடி பற்றிய ஒரேயொரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தலைக்குக் குளித்த அன்று அழகாக இருக்கும் சுருள்கள் மறுநாளே கலைந்துபோவதைப் பற்றியவையாகவே இருந்தன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் சுருட்டை முடிக்காரர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்குத் தோளைத் தொடும் சுருட்டை முடி. குளித்த அன்று மட்டுமே சுருள்கள் ஒழுங்காக நிற்கின்றன. மறுநாள் பரட்டையாகிவிடுவதால் தினமும் ஷாம்பு போட்டுக் குளிக்கிறேன். இப்போது நுனியெல்லாம் வறண்டு வெடித்துவிட்டது. எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பது சரி? — கல்லூரி மாணவி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தலையில் அழுக்கோ பிசுக்கோ சேர்ந்துவிட்டதாக நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. கலைந்த சுருளைத் திரும்பப் பெறுவதற்காகவே தினமும் ஷாம்பு போடுகிறீர்கள். அந்த வேலைக்குத் தண்ணீர் போதும், ஷாம்பு தேவையே இல்லை. அது எப்படி என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய், நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை எளிதில் இறங்கிவிடுகிறது. சுருட்டை முடியிலோ ஒவ்வொரு வளைவையும் சுற்றிக் கடக்க வேண்டியிருப்பதால், அது நுனியை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே உங்கள் தலையில் வேரும் நுனியும் ஒரே நிலையில் இருப்பதே இல்லை. வேரில் எண்ணெய் சேரும்போது நுனி காய்ந்து கிடக்கும். தினமும் ஷாம்பு போடுவதால், ஏற்கெனவே இல்லாததை நுனியிலிருந்து மேலும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தளர்வான சுருள் உள்ளவர்களுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறையும், திருகுகம்பி போல இறுகச் சுருண்ட முடி உள்ளவர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறையும் பெரும்பாலும் ஒத்துவரும். இதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாமல் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரிப்போ வாடையோ பிசுக்கோ தெரிந்தால் அந்த நாளே குளிக்கும் நாள்.

ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டுமே உரியது. விரல் நுனிகளின் சதைப்பகுதியால், நகம் படாமல், பிடரியிலும் காதுகளின் பின்புறமும் விட்டுப்போகாதபடி தேயுங்கள். முடியின் நீளப்பகுதியைத் தனியாகத் தேய்க்க வேண்டியதில்லை. அலசும்போது வழிந்திறங்கும் நுரையே அதற்குப் போதும். கண்டிஷனரை இதற்கு நேர் மாறாக, காது மட்டத்திலிருந்து நுனி வரை தாராளமாகப் பூசுங்கள். பிறகு உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கிப் பிழியுங்கள். சேற்றில் நடப்பது போல ‘சளக், சளக்’ என்று ஓசை வர வேண்டும். அந்த ஓசை வராவிட்டால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். நான்கைந்து நிமிடம் விட்டு அலசுங்கள்.

வெடித்த நுனி எதனாலும் ஒட்டாது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று எந்தப் புட்டியின் மேல் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். ஒரு விரற்கடை வெட்டிவிட்டால் பிரச்சினை அதோடு தீரும்.

கேள்வி: காலையில் எழுந்தால் ஒரு பக்கம் அழுந்தி, மறுபக்கம் பொங்கி நிற்கிறது. சீவினால் இன்னும் மோசமாகிறது. குளிக்காமலேயே சரிசெய்ய வழியுண்டா? — அலுவலகம் செல்லும் வாசகி

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்தச் சீப்பைக் கீழே வையுங்கள். நானும் பல ஆண்டுகள் உலர்ந்த முடியைச் சீவிவிட்டு, ஏன் பொங்குகிறது என்று புரியாமல் சீப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சுருள் என்பது ஒரே பாதையில் சேர்ந்து வளையும் பல முடிகளின் கூட்டம். உலர்ந்த நிலையில் அதனுள் சீப்பு நுழைந்ததும் கூட்டம் கலைந்து, ஒவ்வொரு முடியும் தன் போக்கில் எழுந்து நிற்கிறது.

தண்ணீர் இதை ஏன் சரிசெய்கிறது என்று தெரிந்துகொண்டால், மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும். முடியின் புரதமான கெராட்டினில் இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியமானவை. கந்தகப் பிணைப்புகள் வலுவானவை. உங்கள் முடி சுருட்டையாகவே இருப்பது அவற்றாலும், வளைந்திருக்கும் வேர்க்காலின் அமைப்பாலும்தான். இவை தண்ணீருக்கு அசைவதில்லை. ஹைட்ரஜன் பிணைப்புகள் பலவீனமானவை. நனைந்தவுடன் விட்டுப்போய், காயும்போது அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மீண்டும் பிடித்துக்கொள்கின்றன. இரவில் வியர்வையும் தலையணையின் அழுத்தமும் சேர்ந்து அழுத்திய வடிவம் காலையில் அப்படியே நிற்பதற்கும், அதே இடத்தைச் சிறிது நனைத்தால் சுருள் திரும்புவதற்கும் இந்த ஒரே காரணம்தான்.

எனவே காலையில் கண்ணாடியின் முன் நின்று, தலை முழுவதையும் பார்க்காமல், கெட்டுப்போன கற்றைகளை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் நெற்றியோரத்திலும் உச்சியிலும் படுத்த பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு கற்றைகள்தாம் கலைந்திருக்கும். உள்ளடுக்கு குளித்த நாளில் இருந்தது போலவே இருக்கும். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் 200 மி.லி. தண்ணீரும் அரைத் தேக்கரண்டி கண்டிஷனரும் விட்டுக் குலுக்கிக்கொள்ளுங்கள். இப்படித் தண்ணீர் கலந்துவிட்டால் கண்டிஷனரில் உள்ள பாதுகாப்புப் பொருள் நீர்த்துப்போய்க் கிருமிகள் வளர இடமுண்டு; ஆகவே ஓரிரு நாளுக்கு மேல் வைத்திருக்காமல் புதிதாகக் கலப்பது நல்லது. கலைந்த கற்றையின் மேல் மூன்று நான்கு முறை தெளித்து, சொட்டும் அளவுக்கு இல்லாமல் தொட்டால் குளிரும் அளவுக்கு நனையுங்கள். பிறகு அது இயல்பாக எந்தத் திசையில் சுருள்கிறதோ அந்தத் திசையிலேயே சுட்டுவிரலைச் சுற்றிச் சுருட்டி, பத்து எண்ணும் வரை பிடித்திருந்து, இழுக்காமல் விரலை உருவிக்கொள்ளுங்கள். சுருள் ஒரு கம்பிச் சுருள் போல விரலிலிருந்து நழுவி விழும்.

இதற்கு அடுத்த பத்து நிமிடங்கள்தாம் கடினமானவை, ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றுமே செய்யக்கூடாது. பிணைப்புகள் உறைந்துகொண்டிருக்கும்போது கையை வைத்தால், உங்கள் கை கலைத்த வடிவம்தான் உறையும். எனக்கு வந்த கடிதங்களில் பாதிப் பேரின் முடி கெடுவதற்குக் காரணம், காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இரவில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காலையின் வேலை பாதியாகக் குறையும். பருத்தித் தலையணை உறையில் முடி உராய்ந்து சிக்காகிறது. அதற்குப் பதிலாகச் சாட்டின் அல்லது பட்டு உறையில் முடி வழுக்கிச் செல்லும். தோளுக்குக் கீழே நீளும் முடியானால், குனிந்து முழுவதையும் உச்சந்தலைக்குக் கொண்டுவந்து, துணி சுற்றிய தளர்வான ரப்பர் பேண்டை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். அன்னாசிப்பழத்தின் தலை போலத் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கட்டுக்கே அன்னாசி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரத்தலையோடு மட்டும் படுக்காதீர்கள். தலையணையே அச்சாகி, எட்டு மணி நேரம் முடியை வார்த்துக்கொடுத்துவிடும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வேரில் எண்ணெயும் நுனியில் பரட்டையும் சேர்ந்து எதற்கும் மசியாத காலை ஒன்று வரும். அன்று கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு அடர்ந்த சுருட்டை முடி. அவள் அம்மாவுக்கு நேரான முடி, எனக்கோ வழுக்கை. சீப்பைக் கண்டாலே குழந்தை அழுகிறாள். ஈரத்தலையைச் சீவக்கூடாது என்று எல்லோரும் சொல்வதால், நன்றாகக் காய்ந்த பிறகுதான் சீவுகிறோம். — ஒரு தந்தை

பதில்: ஐயா, அந்த அறிவுரை நேரான முடிக்குச் சொன்னது. நனைந்த முடி எளிதில் இழுபட்டு நீளும் என்பதும், அந்த நிலையில் பலங்குறைந்திருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் சுருட்டை முடியைக் காயவைத்துச் சீவும்போது ஏற்படும் உராய்வும் முறிவும் அதைவிட அதிகம். இரண்டுக்கும் பொதுவான வழி, முடி நனைந்தும் கண்டிஷனரில் வழுவழுப்பாகவும் இருக்கும் நேரத்தில் சிக்கெடுப்பது. கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்டப் பொருட்கள், எதிர்மின்னூட்டம் கொண்ட முடியின் மேல் ஒட்டிப் படர்ந்து, முடியின் வெளிப்புறத்தில் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும் செதில்களைப் படியவைக்கின்றன. குளியலறையில் செலவிடும் பத்து நிமிடம், வெளியே வந்தபின் அரை மணி நேர அழுகையை மிச்சப்படுத்தும்.

தலையை நான்கு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப்பில் கட்டிவிடுங்கள். நான்காவதில் ஒரு கற்றையை எடுத்து, சிக்குக்கு மேலே, அதாவது சிக்குக்கும் தலைக்கும் நடுவில், இடது கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிடி இருந்தால் சீப்பின் இழுப்பு உங்கள் இடது கையோடு நின்றுவிடும். குழந்தையின் தலைத்தோலுக்குப் போகாது. நுனியிலிருந்து இரண்டு அங்குலம் சீவுங்கள். அது தடையின்றி இறங்கிய பிறகு இன்னும் இரண்டு அங்குலம் மேலேறுங்கள். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இறக்கினால் வழியில் உள்ள சிறு சிக்குகளெல்லாம் கீழே சேர்ந்து ஒரே முடிச்சாகிவிடும். முடிச்சு கண்ணில் பட்டால் சீப்பை வைத்துவிட்டு, இரண்டு கை விரல்களாலும் பக்கவாட்டில் பிரித்துப் பாருங்கள். நூல்கண்டை அவிழ்ப்பது போல இழை இழையாக விட்டுவரும். அகன்ற பற்கள் உள்ள சீப்பு ஒன்று போதும்.

நுனியில் கடுகளவில் ஒரு முடிச்சு விரலில் நெருடினால், அது ஒற்றை முடி தன்மீதே சுற்றி விழுந்த முடிச்சு. அதை அவிழ்க்கப் பார்க்காமல் கூரான கத்தரியால் வெட்டிவிடுங்கள். இரவில் தளர்வாக இரண்டு சடை பின்னிவிட்டால் சிக்கு குறையும். இறுக்கிப் பின்ன வேண்டாம். நாளாவட்டத்தில் நெற்றியோர முடி வேரோடு பெயர்ந்து, சில சமயம் நிரந்தரமாகவே போய்விடுவதுண்டு. பள்ளி நாள்களின் காலையில் சீப்பே தேவையில்லை. ஈரக் கையால் தடவி, விரலால் ஒதுக்கிவிட்டு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறைதான் தலைக்குக் குளிக்கிறேன். அன்று கைநிறைய முடி வருகிறது. வழுக்கை விழுமோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு வாசகி

பதில்: நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. நேரான முடிக்காரர்களுக்கு அது தரையிலும் தோளிலும் சீப்பிலும் அன்றன்றைக்கே போய்விடுகிறது. உங்களுக்கு உதிர்ந்த முடி சுருள்களிலேயே தங்கியிருந்து, ஏழு நாள் கணக்கு ஒரே நாளில் தீர்கிறது. பெருக்கிப் பாருங்கள், கைநிறையத்தான் வரும். வந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகளே அதிகமென்றால் அது முறிவு. அப்போது சீவும் முறையைக் கவனியுங்கள். வகிடு அகன்றுகொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை தெரிந்தாலோ தாமதிக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஜெல் போட்டால் முடி முறமுறவென்று விறைத்துக்கொள்கிறது, சில நாள் வெள்ளையாக உதிரவும் செய்கிறது. ஜெல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? — ஒரு வாசகர்

பதில்: அந்த விறைப்புதான் ஜெல் வேலை செய்ததற்கு அடையாளம். சுருளைச் சுற்றி அது ஒரு மெல்லிய ஓடாக உறைந்து, காயும் வரை வடிவத்தைக் காத்திருக்கிறது. ஒரு துளி ஈரமும் இல்லாமல் முழுவதும் காய்ந்தபின், கைகளால் நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்லக் கசக்குங்கள். ஓடு உடைந்து முடி மிருதுவாகிவிடும். பாதி காய்ந்த நிலையில் கசக்கினால் பரட்டைதான் கிடைக்கும். வெள்ளையாக உதிர்வது, பெரும்பாலும் உள்ளே பூசிய கிரீமும் மேலே பூசிய ஜெல்லும் ஒன்றோடொன்று சேராததால். இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் குழைத்துப் பாருங்கள். வழுவழுவென்று கலந்தால் நல்லது. திரித்திரியாகத் திரிந்தால் அந்த இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

கேள்வி: வறட்சிக்காகத் தினமும் தலையில் எண்ணெய் வைக்கிறேன். வறட்சியும் போகவில்லை, பொடுகும் சேர்ந்துகொண்டது. — இல்லத்தரசி

பதில்: எண்ணெய் ஈரம் அன்று. முடியில் ஏற்கெனவே உள்ள ஈரம் வெளியேறாமல் காக்க அது உதவலாமே தவிர, காய்ந்த முடிக்குள் ஈரத்தைக் கொண்டுவராது. காய்ந்த முடியின் மேல் தினமும் பூசிய எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்து, தெளிக்கும் தண்ணீரையும் உள்ளே விடாமல் தடுக்கிறது.

குளிப்பதற்கு முன் வைக்கும் எண்ணெயின் கதை வேறு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், முடியின் புரத இழப்பைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தெரியவந்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேரானதாகவும் இருப்பதால் முடிக்குள் ஊடுருவுகிறது. ஆகவே குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழுள்ள முடியில் மட்டும் தடவிக்கொள்ளுங்கள்.

பொடுகு இருக்கும்போது தலைத்தோலில் எண்ணெய் வைப்பதை நிறுத்திவிடுங்கள். பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்னும் பூஞ்சை, தோலின் கொழுப்பை உண்டு வாழ்வது. அதற்கு நீங்களே பரிமாறிக்கொண்டிருக்கிறீர்கள். கீட்டோகோனசோல் அல்லது ஜிங்க் பைரிதியோன் உள்ள ஷாம்புவை வாரம் இருமுறை தலைத்தோலில் மட்டும் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். போட்டவுடன் கழுவிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமிருக்காது. இவை முடியை வறட்டும் என்பதால் நீளப்பகுதிக்குக் கண்டிஷனரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தினமும் உடற்பயிற்சி செய்கிறேன். வியர்த்துக் கொட்டுகிறது. குட்டையான சுருட்டை முடி. தினமும் ஷாம்பு போடாமல் முடியுமா? — இளைஞர்

பதில்: முடியும். வியர்வையில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும். இரண்டும் வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். குழாயடியில் விரல்களால் தலைத்தோலைத் தேய்த்து அலசி, நெல்லிக்காயளவு கண்டிஷனரை நுனிகளில் கசக்கிக் கழுவிவிட்டுத் தொடாமல் காயவிடுங்கள். உலர் ஷாம்பு வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது எண்ணெயை மாவுப்பொருளில் உறிஞ்சி மறைக்குமே தவிர எதையும் அகற்றாது. வியர்த்த தலையில் போட்டால் களியாகிவிடும்.

கேள்வி: உப்புத் தண்ணீர் வரும் வீட்டுக்குக் குடிவந்த பிறகு என் சுருள்கள் நார்போல் ஆகிவிட்டன. சமையல் சோடாவால் கழுவலாம் என்கிறார்களே? — ஒரு வாசகி

பதில்: கழுவாதீர்கள். தலைத்தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது; அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5. சமையல் சோடாக் கரைசலோ 8-க்கும் மேலே, அதாவது காரத்தன்மையில் நிற்பது. அது செதில்களைத் தூக்கிவிட்டு முடியை மேலும் சொரசொரப்பாக்கும். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியின் மேல் படிவதே உங்கள் தொல்லை. இவற்றைப் பற்றிக்கொள்ளும் இடி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் சேர்ந்த ஷாம்பு அந்தப் படிவை இழுத்தெடுக்கும். மாதம் ஒன்றிரண்டு முறை போதும். வடிகட்டிய தண்ணீர் கொஞ்சம் இருந்தால் அதைக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தெளிக்கும் பாட்டிலிலும் அந்தத் தண்ணீரே இருக்கட்டும், இல்லாவிட்டால் தினமும் நீங்களே உப்பைத் தெளித்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: என் முடி 3பி வகையா 3சி வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — பள்ளி மாணவி

பதில்: கண்டுபிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. அமெரிக்க முடி ஒப்பனையாளர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் பரப்பிய வகைப்பாட்டின் நீட்சி அது. சுருளின் அளவை மட்டுமே சொல்லும். ஒரே தலையில் உச்சியில் ஒரு வகையும் பிடரியில் ஒரு வகையும் இருப்பது சாதாரணம். ஒற்றை முடி தடிமனா மெல்லியதா, நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்ற இரண்டையும் கவனியுங்கள். மெல்லிய முடிக்குக் கனமான கிரீம் ஆகாது, சுருள் தொய்ந்துவிடும். நெடுநேரம் காயாத முடியில் எதையும் குறைவாகப் போடுங்கள்.

கேள்வி: குளித்தபின் தானாகக் காயவிட்டால் மூன்று மணி நேரமாகிறது. ஹேர் டிரையர் கெடுதல் என்பதால் பயந்து பொறுத்துக்கொள்கிறேன். — ஆசிரியை

பதில்: இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. 2011-இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், முடிக்கற்றைகளை முப்பது முறை கழுவி வெவ்வேறு விதமாகக் காயவைத்துப் பார்த்தார்கள். டிரையரை 5 செ.மீ. தொலைவில் பிடித்தபோது வெப்பம் 95 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, முடியின் மேற்பரப்பு மிகவும் கெட்டது. 15 செ.மீ. தொலைவில் 47 டிகிரிதான் இருந்தது. தானாகக் காயவிட்ட கற்றைகளில் மேற்பரப்பு பெரிதாகக் கெடவில்லை என்றாலும், செதில்களை உள்ளே பிணைக்கும் மெல்லிய படலம் சேதமடைந்திருந்தது. இந்தச் சேதம் டிரையர் காட்டிய கற்றைகளில் காணப்படவில்லை. நெடுநேரம் நீரில் ஊறியிருப்பதும் முடிக்குச் சுமைதான்.

டவலால் தேய்க்காமல், பழைய பருத்தி டி-ஷர்ட்டில் முடியைக் கீழிருந்து ஏந்தி ஒற்றியெடுங்கள். சொட்டுவது நின்றபின் ஜெல் பூசி, அரைமணி நேரம் தானாகக் காயட்டும். பிறகு டிரையரின் முனையில் டிஃப்யூசர் என்னும் துளையிட்ட கிண்ணத்தைப் பொருத்தி, மிகக் குறைந்த சூட்டிலும் மெதுவான காற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். தலையைச் சாய்த்து ஒரு பக்கத்துச் சுருள்களைக் கிண்ணத்தில் ஏந்தி, அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள். அந்தப் பகுதி காய்ந்ததும் அணைத்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்கு நகர வேண்டும். காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தை எடுத்தால், அத்தனை நேரம் சேர்த்துவைத்த சுருள் அந்த ஒரு நொடியில் கலைந்துவிடும்.